கோடியக்கரையில் பார்க்க ஒண்ணுமில்லையா?

"கோடியக்கரைக்குப் போனோம், நாலு குரங்கைத் தவிர ஒண்ணுமில்லை." சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் இதைச் சொல்கிறார்கள். பதினோரு மணி வெயிலில் கார் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டுப் போனா குரங்குதாங்க தெரியும். அதுவும் பிஸ்கட்டுக்காக ரோட்டோரம் உட்கார்ந்து கெட்டுப்போன குரங்கு.

வெளிமானுக்காக 1967-ல் சரணாலயமாக அறிவித்த இடம் இது. வெளிமான் புதரில் ஒளிகிற சாதி இல்லை, திறந்த புல்வெளிதான் அதுக்கு வீடு. நம்மளை அது ரொம்ப தூரத்திலேயே பாத்துடும். வண்டி கிட்டக்க வந்தா ஓடும். உடனே செல்போனைத் தூக்கிக்கிட்டுத் துரத்துறாங்க! விடிஞ்சதும் வனத்துறை ஆட்களிடம் கேட்டு, அவங்க விடுகிற வழியில் நடந்து போய், ஒரு இடத்தில் பேசாமல் நில்லுங்க. முறுக்குக் கொம்போடு கறுத்த ஆண்மான் தானா தலையைத் தூக்கும்.

பொன்னியின் செல்வன் படித்துவிட்டுப் பூங்குழலியைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவங்களாவது நடக்கிறாங்க.

நீச்சலடிக்கலாமான்னு கேக்கிறாங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஜனங்க முழுக்குப் போடுற கடல்தான். ஆனா ஆழமில்லாத, கலங்கின கடல். நீலத் தண்ணி வேணும்னா வேற ஊருக்குப் போங்க. சேறு நாறுதுன்னு மூக்கைப் பொத்துறாங்களே, டிசம்பர், ஜனவரியில் வருகிற பூநாரைக்குச் சாப்பாடே அந்தச் சேத்துத் தண்ணியிலதான் இருக்கு. தலையைக் கவிழ்த்து, அலகால் அலசி அலசித் தின்னும். வயல்ல சேறு மிதிச்சவனுக்கு அதைப் பாத்தா ஒரு சொந்தம் தோணும்.

இங்க ரிசார்ட் கட்டணும், ஊர் முன்னேறும்னு சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. காட்டுப்பன்றி என் கடலைக் கொல்லையைக் கிளறிப் போட்டிருக்கு, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் 2018-ல் கஜா அடிச்சப்ப எங்க தென்னையும் சாய்ஞ்சது, காடும் முறிஞ்சது. முறிஞ்ச காட்டு மரம் பலது அடியிலிருந்து தானா துளிர்த்தது. சாய்ஞ்ச தென்னை துளிர்க்கலை. ஒத்தைப் பயிரை நம்பின எங்களுக்கு அந்தக் காட்டோட அருமை அப்பத்தான் உறைச்சது.

என்னைக் கேட்டால், காரை வாசலிலேயே நிறுத்தணும். உள்ளே சைக்கிளும் நடையும் போதும். வழிகாட்ட உள்ளூர்ப் பிள்ளைங்களை வைக்கணும், அவங்களுக்குக் கூலி கிடைக்கணும். இப்போ பணம் காரோடயே திரும்பிப் போயிடுது, பிளாஸ்டிக் பாட்டில்தான் எங்களுக்கு மிச்சம்.

கோடையில் வந்தால் பாலாப்பழம் கூறுகட்டி விற்பாங்க. பேரம் பேசாம வாங்குங்க. தின்னும்போது பால் உதட்டில் ஒட்டும், கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டுவாங்க.