பிள்ளை பெற்றவள் அழுதால் பேயா, திமிரா?

குழந்தை பிறந்து ஐந்தாவது வாரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீடு. கணவர் லோரி ஓட்டுநர், வாரத்தில் மூன்று இரவுகள் வீட்டில் இருக்க மாட்டார். அந்தப் பெண் எங்கள் தொண்டர் ஒருவரிடம் சொன்னார்: "பிள்ளை அழுவுது, தூக்கணும்னே தோணலக்கா. நான் அம்மாவே இல்லன்னு நெனைக்கிறேன்." மாமியார் மந்திரித்த கயிறு கட்டியிருந்தார். "பொம்பளைப் பிள்ளையாப் போச்சுன்னு கோவம், வேறென்ன" என்பது பக்கத்து வீட்டுத் தீர்ப்பு.

இது கோபமும் அல்ல, காத்து கருப்பும் அல்ல. மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு என்னும் நோய்.

பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது தாய்மார்கள் பலருக்கும் நடப்பதுதான். இரண்டு வாரத்தில் அது தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெற்ற பெண்களில் 100க்கு 13 பேர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். வளரும் நாடுகளில் இது 100க்கு 20ஐ நெருங்குகிறது.

யாருக்கு வருகிறது? பணக்காரிக்கும் வரும். ஆனால் முன்பே மனச்சோர்வு இருந்தவள், கணவன் கைநீட்டும் வீட்டில் இருப்பவள், வாடகைக்கும் பால்மாவுக்கும் கணக்குப் பார்ப்பவள், துணைக்கு ஆளில்லாதவள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். இந்தியாவின் கோவாவில் நடந்து 2002ல் வெளியான ஓர் ஆய்வு வறுமையையும், கணவனின் வன்முறையையும், பிறந்தது பெண் குழந்தை என்பதையும் காரணங்களில் சேர்த்தது. கடைசிக் காரணத்தை நம் வீடுகளில் கேட்டதே இல்லை என்று எவராவது சொல்ல முடியுமா?

தோட்டத்தில் பிள்ளை பெற்றவளைச் சுற்றி ஆள் இருந்தது. வெந்நீர் ஊற்றவும் பத்தியச் சோறு ஆக்கவும் அடுத்த வீட்டுப் பாட்டி வருவார். பால்மரம் வெட்டப் போனால் குழந்தைக்கு ஆயா கொட்டகை. அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. குடித்துவிட்டு அடித்தவனும் அதே லயத்தில்தான் இருந்தான். ஆனால் தோட்டங்கள் விற்கப்பட்டு நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குத் தள்ளப்பட்டபோது, இழந்தது வீட்டை மட்டுமா? அந்தப் பாட்டியையும் சேர்த்துத்தான் இழந்தோம். அதற்கு நஷ்டஈடு கேட்க எந்தப் பாரமும் இல்லை.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1 ஜனவரி 2023 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த, மணமான ஆணுக்குச் சம்பளத்துடன் 7 நாள் விடுப்பு உண்டு; பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும். தம்பிமார்களே, அந்த ஏழு நாளைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிவிட்டுக் காப்பிக்கடையில் உட்காராதீர்கள். வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்பவளுக்கு இந்த 98 நாளும் கிடையாது. அடையாள அட்டை இல்லாத தாய்க்கோ அரசாங்க மருத்துவமனையிலேயே வெளிநாட்டவர் கட்டணம். பில்லுக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே போகாதவளின் மனநிலையை யார் விசாரிப்பது?

1987ல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஐந்து நிமிடம் போதும். அதன் தமிழ் வடிவமும் சோதிக்கப்பட்டு இருபது ஆண்டுகளாகிவிட்டன. நாம் கேட்பது இதுதான்: மலாய் சரளமாக வராத தாய்க்கு அதைத் தமிழில் கொடுங்கள், பக்கத்தில் மாமியார் நிற்காத நேரத்தில் கொடுங்கள். வீட்டுக்கு வரும் மிஸி குழந்தையின் எடையைப் பார்த்த கையோடு தாயையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அபூர்வமாக, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, முதல் சில வாரங்களில் இல்லாத குரல் கேட்கும், பேச்சு தாறுமாறாகும். கோயிலுக்குப் பிறகு போகலாம். குழந்தையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கே தாயை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். மற்றவர்கள் கிளினிக்கில், பிங்க் புத்தகத்தைக் காட்டும்போதே, "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.