மத்தியான வெயிலும் மாலைக் குளியலும்

கொழும்பில் குளிக்கிற தண்ணீரைச் சூடாக்க மின்சாரம் கடைசியாகத்தான் நினைவுக்கு வரவேண்டும். பொரளையில் வீட்டுக்கு வீடு கேட்கும் கரண்ட் பில் புலம்பலுக்கு நான் சொல்லும் முதல் மருந்து இதுதான்.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அதன்பின் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. ஆனால் படிக்கட்டு முறை அப்படியே இருக்கிறது: கூட எரிக்க எரிக்க ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடும், நிலையான கட்டணமும் சேர்ந்து கூடும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் மலிவு விலையும் கைவிட்டுப் போகும். விளக்கையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்த முடியாது. ஆகவே நம்மை மேல்படிக்குத் தள்ளுவது பெரும்பாலும் ஹீட்டர்தான்.

3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் அரை யூனிட்டுக்கு மேல் போகும். நான்கு பேர் தினமும் அப்படிக் குளித்தால் மாதம் 70 யூனிட். அதே ஹீட்டரில் பிடித்த ஒரு வாளி, அதாவது 20 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், கால் யூனிட்டுக்குச் சற்றே கூடுதலாக எடுக்கும். நம் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 28 பாகையில் வருகிறது. உடம்புக்கு இதமான 40 பாகைக்குக் கொண்டுபோக 12 பாகை ஏற்றினால் போதும். நுவரெலியாக்காரருக்கு இந்த வசதி கிடையாது. வாளியும் கோப்பையும் திரும்பி வந்தாலே ஹீட்டர் செலவு பாதியாகும்.

அந்த 12 பாகையை வெயிலே தரும். பிள்ளை பிறந்த வீடுகளில் இதை எல்லோரும் பார்த்திருப்போம். காலை பத்து மணிக்கு அகன்ற அலுமினியத் தாச்சியில் தண்ணீர் நிரப்பி முற்றத்துச் சீமெந்துப் படியில் வைப்பார்கள். காகமும் தூசியும் விழாமல் பழைய வலைத்துணி ஒன்றை மேலே கட்டுவார்கள். இரண்டு மணிக்கு அம்மம்மா முழங்கையைத் தோய்த்துப் பார்த்து, "காணும், பிள்ளையைக் கொண்டு வா" என்பார். சில நாட்களில் பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றவேண்டிவரும், அவ்வளவு சூடு. அந்த அறிவை நாம் பிள்ளைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பெரியவர்களின் குளியலுக்கு சுவிட்சைத் தேடுகிறோம்.

நாடே இன்று இதே முரண்பாட்டில் நிற்கிறது. கூரைச் சூரிய மின்சாரம் பெருகியதால் மத்தியானத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கேள்வி குறைந்துவிட்டது என்று, கூரைச் சூரியப் படல்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையோ உச்ச நேரம். அப்போது எண்ணெய் எரித்தும் மின்சாரம் எடுக்கிறார்கள். வேலை முடிந்து வந்து நாம் ஹீட்டரைப் போடுவதும் அந்த நேரத்தில்தான்.

தொட்டி வைத்த கீசர் உள்ளவர்கள் அதை நாள் முழுக்கப் போட்டுவைக்க வேண்டாம். தொட்டி இழக்கும் சூட்டை ஈடுசெய்ய அது திரும்பத் திரும்ப மின்சாரம் இழுக்கும். மத்தியானம் ஒருமுறை சூடாக்கி நிறுத்தினால் இரவுக் குளியல்வரை தாங்கும். நேரவாரிக் கட்டணத்துக்கு மாறியவர்களுக்குப் பில்லிலும் இது தெரியும். மற்றவர்கள் உச்ச நேரச் சுமையையாவது குறைக்கிறார்கள்.

சொந்தக் கூரை இருந்தால் சூரிய வெந்நீர்த் தொகுதியே நல்லது. சூடான தண்ணீர் தானாக மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும். பெரும்பாலானவற்றுக்கு மோட்டார்கூட வேண்டாம். முதற்செலவு கனம்தான், பெரிய குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்குத்தான் வழி அடைபட்டிருக்கிறது. மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. எவரும் தனியாக எதுவும் பூட்ட முடியாது. ஆகவே நிர்வாகக் குழுவில் இருப்பவர்களிடம் கேட்கிறேன்: அடுத்த கூட்டத்தில் பெயின்ட் அடிப்பது பற்றிப் பேசுமுன், மொட்டைமாடியில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு சூரிய வெந்நீர்த் தொகுதி வைப்பது பற்றிப் பேசுங்கள். விலை கேட்டு, வீட்டுக்கு எவ்வளவு பங்கு வரும் என்று கணக்குப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.