லேப் புலம்பல்கள் - 9: ஒரு பிளாப்பி புராணம்

போன வாரம் பதிவு எங்கேன்னு கேட்ட ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு 486 கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன் மக்களே!

இங்க ஜெர்மனியில எங்க லேப்ல ஒரு பழைய அளவீட்டுக் கருவி. அதை ஓட்டுறது டாஸ் 6.22 போட்ட 486. திங்கக்கிழமை ஆன் பண்ணினா, 'நான்-சிஸ்டம் டிஸ்க்'னு சொல்லிட்டு நின்னுடுச்சு. கருவியோட கேலிபரேஷன் ஃபைல் அந்த ஹார்ட் டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு. அது போனா என் தீசிஸ்ல பாதி குப்பை. கொடுக்க மூணே வாரம். வயித்துல புளியைக் கரைச்சுது.

பூட் பிளாப்பி இருந்தா உள்ள நுழைஞ்சிடலாம். லேப் சர்வர்ல பழைய பூட் டிஸ்க்கோட இமேஜ் கிடைச்சுது. அலமாரியில 10 பிளாப்பி. (சோனியே 2011 மார்ச்சோட ஜப்பான்ல விக்கிறதை நிறுத்திடுச்சு, புதுசுக்கு எங்க போறது?) யூஎஸ்பி டிரைவ் வாங்கி, இமேஜை அப்படியே காப்பி பண்ணப் பாத்தேன். 486-ல போட்டா, சிஸ்டம் இல்லைன்னு அதே பல்லவி!

அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. இமேஜ்ங்கிறது டிஸ்க்குக்குள்ள வைக்கிற ஃபைல் இல்ல, டிஸ்க்கோட நகல். 80 டிராக், 2 பக்கம், 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினா 14,74,560 பைட். இமேஜோட சைஸும் துல்லியமா அதேதான். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது முதல் செக்டரைத்தான் படிக்கும். அதனால முதல் செக்டர்ல ஆரம்பிச்சு வரிசையா எழுதணும். விண்டோஸ்ல ராரைட், லினக்ஸ்ல டிடி.

டிடி-யில ஒரு ஆபத்து. யூஎஸ்பி பிளாப்பியும் ஹார்ட் டிஸ்க் மாதிரியே எஸ்டி-பி, எஸ்டி-சின்னு பேர் வாங்கும். ஓர் எழுத்து மாறினா உங்க லேப்டாப் காலி. மூணு தடவை பாத்துட்டு என்டர் தட்டுங்க. எழுதினதைத் திரும்பப் படிச்சு இமேஜோட ஒப்பிடுங்க. எனக்கு 10-ல 6 பிளாப்பி அங்கேயே அவுட்.

ஏழாவது தேறுச்சு. கரகரன்னு சத்தம்... ஏ பிராம்ப்ட்! சி டிரைவும் தெரிஞ்சுது. எதையும் ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி கேலிபரேஷன் ஃபைலை எட்டாவது பிளாப்பிக்கு காப்பி பண்ணினேன். அப்புறம்தான் சிஸ் கமாண்ட் போட்டு சிஸ்டம் ஃபைல்களைத் திரும்ப ஏத்தினேன். பூட் ஆயிடுச்சு.

புரொபசர் வந்து பாத்துட்டு, "ஓ, ஓடுதா? நல்லது"ன்னு போயிட்டார். அவ்ளோதான்!

அந்த ஃபைல் இப்ப நாலு இடத்துல இருக்கு. உங்க தீசிஸ் எத்தனை இடத்துல இருக்கு?