முதுசத்துக்கு என்ன விலை?

மண்டைதீவிலே மக்களுடைய காணிகளைக் கடற்படை முகாமுக்கெனச் சுவீகரிக்க 2021 ஆம் ஆண்டிலும் 2023 ஆம் ஆண்டிலும் நில அளவையாளர் வந்தனர். காணிக்காரரும் ஊரவரும் வழிமறித்து நின்றனர். "நட்டஈடு கிடைக்குமே, பின் ஏன் இந்தக் கூச்சல்?" என்று வினவுவோர் கொழும்பில் மட்டுமல்லர், யாழ்ப்பாணத்திலும் உளர். கற்றறிந்த நம்மவர் சிலரும் அவர்களுள் அடக்கம்! அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், சட்டமாக்கப்பட்ட தேசவழமையைப் புரட்டிப் பாருங்கள். பெற்றோர்வழி வந்த காணி முதுசம். மகளுக்குக் கொடுத்தது சீதனம். உழைத்து வாங்கியது தேடியதேட்டம். பங்குக் காணியாயின், உடையவனே விற்க விரும்பினாலும் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். அவர்கள் வேண்டாமென்ற பின்னரே பிறனுக்கு விற்கலாம்.

உடையவனுக்கே இல்லாத அதிகாரத்தை 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் அமைச்சருக்கு வழங்குகின்றது. 'பொதுத் தேவை' என அவர் கருதினாற் போதும். எந்தப் பொதுமக்களின் தேவை? 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது, மண்டைதீவிற் பிடிக்கப்பட்ட இளைஞர் பலர் மீளவேயில்லை. ஊர் இடம்பெயர்ந்தது. ஆண்டுகள் பல கழித்துத் திரும்பி, பற்றை வெட்டி, தூர்ந்த கிணற்றை இறைத்தவர்களிடமா இந்தச் சொல்லைச் சொல்வது? காணாமற்போன மகன் என்றேனும் வரின், அவன் தேடிவரும் படலையும் அந்தக் காணியிலேதான் இருக்கின்றது.

நட்டஈட்டை வாங்கென்று புத்தி புகட்டும் அன்பர்கள், முதலில் தத்தம் முதுசக் காணிக்கு விலை கூறட்டும். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க நாமே வருகின்றோம்.