வெறும் 502 கார்கள்: 'லிமிடெட் எடிஷன்' என்ற சொல்லுக்கு அர்த்தம் இருந்த காலம்!

நாலு ஸ்டிக்கர், சீட்டில் சிவப்பு நூல், பெயருக்குப் பின்னால் 'ஸ்போர்ட்'. இன்றைக்கு ஒரு கார் 'லிமிடெட் எடிஷன்' ஆக இது போதும். எதை மாற்றுவது, எத்தனை கார் விற்பது என எல்லாமே மார்க்கெட்டிங் டீமின் முடிவு. ஆனால், 1990-ல் ஒரு காருக்கு இதை முடிவு செய்தது பந்தய விதிப்புத்தகம்.

அந்த ஆண்டு ஜெனிவா மோட்டார் ஷோவில் மெர்சிடிஸ் பென்ஸ் அறிமுகம் செய்த கார், '190இ 2.5-16 எவல்யூஷன் 2'. அடிப்படையில் நான்கு கதவுள்ள சாதாரண செடான்தான். ஆனால், டிக்கிக்கு மேலே பிரமாண்டமான விங், அகன்ற வீல் ஆர்ச், 235 குதிரைத்திறன் இன்ஜின். விலை ஒரு லட்சம் ஜெர்மன் மார்க்குக்கும் மேல். தயாரானதோ மொத்தமே 502 கார்கள்.

அது என்ன 502 கணக்கு?

ஜெர்மனியின் டிடிஎம் டூரிங் கார் பந்தயம் அப்போது 'குரூப் ஏ' விதிகளின்படி நடந்தது. விதி ரொம்ப சிம்பிள். பந்தயத்தில் இறக்க வேண்டிய மாடலை 12 மாதங்களில் 5,000 கார்களாவது தயாரிக்க வேண்டும். அதன்பின் அந்த மாடலை மேம்படுத்த வேண்டுமா? அதே மாற்றங்களுடன் இன்னும் 500 கார்களைத் தயாரித்துக் காட்ட வேண்டும். இந்த அங்கீகார முறைக்குப் பெயர்தான் ஹோமோலோகேஷன்.

அதாவது, பந்தய காருக்கு மட்டும் ரகசியமாக விங் மாட்ட முடியாது. அதே விங் ரோட்டில் ஓடும் காரிலும் இருக்க வேண்டும். பிஎம்டபிள்யூ 600 'எம்3 ஸ்போர்ட் எவல்யூஷன்' கார்களையும், ஃபோர்டு 500 'சியரா ஆர்எஸ்500' கார்களையும் தயாரித்தது இதே விதிக்காகத்தான். 1992-ல் எவல்யூஷன் 2 காரை ஓட்டி கிளாஸ் லுட்விக் டிடிஎம் சாம்பியன் ஆனார். முதல் மூன்று இடங்களும் மெர்சிடிஸுக்கே!

விதியில் குறையே இல்லையா?

இருந்தது. 500 கார்களைத் தயாரிக்கப் பணபலம் வேண்டும்; அவற்றை வாங்கவும் பணம் வேண்டும். சாமானியர்களுக்கு அது எட்டாக்கனிதான். 1993-ல் டிடிஎம், தொழில்நுட்பச் சுதந்திரம் அதிகமுள்ள 'கிளாஸ் 1' விதிக்கு மாறியது. செலவு குறைந்ததா? இல்லை, எகிறியது. 1996 முடிவில் ஆல்ஃபா ரோமியோவும் ஓப்பலும் விலக, அந்தத் தொடரே நின்றுபோனது.

பின்னர் மீண்டும் தொடங்கிய டிடிஎம்-மில், 2021 முதல் ஓடுவது ஜிடி3 கார்கள். எடையையும் இன்ஜின் சக்தியையும் விதிகள் மூலம் அட்ஜஸ்ட் செய்து, எல்லாக் கார்களையும் சமமாக்குகிறார்கள். போட்டி விறுவிறுப்பாக இருக்கிறது, சரி. ஆனால், பந்தயத்துக்காக 500 செடான்களை ஷோரூமில் விற்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

நமக்கென்ன?

பழைய விதி திரும்ப வரப்போவதில்லை. ஆனால், அது கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம். 'ரேஸ் எடிஷன்' என்று கூடுதல் விலை சொன்னால், இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றில் சாதாரண மாடலைவிட என்ன மாற்றம் என்று ஷோரூமில் கேளுங்கள். எதுவும் இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கூடுதல் இஎம்ஐ வெறும் ஸ்டிக்கருக்குத்தான். அது பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். பந்தய கார் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள்.