பெட்டைக்குப் பெயர், சேவலுக்கு மிச்சம்

மொழிகளுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. ஆணுக்கு முழுப் பெயரைக் கொடுத்துவிட்டு, அதன் வாலை மட்டும் மாற்றிப் பெண்ணுக்குத் தரும். ஆசிரியர் – ஆசிரியை, நடிகர் – நடிகை. இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிய தொழில் ஒன்று வட இந்தியாவில் இருந்தது. பருந்து, ராஜாளி இனப் பறவைகளைப் பழக்கி வேட்டைக்கு விடும் தொழில்.

அங்கே பெயருக்கு உரியவள் பெட்டை. 'பாஜ்' என்றால் பெட்டை. அதன் சேவல் 'ஜுர்ரா'. 'பாஷா' பெட்டை, 'பாஷீன்' சேவல். நாம் வல்லூறு என்று சொல்லும் 'ஷிக்ரா'கூட அந்தத் தொழில்காரர்களுக்குப் பெட்டைதான், ஆண் 'சிப்பக்'. 'பஹ்ரி' ராஜாளியின் ஆணுக்கு வாய்த்த பெயர்தான் பரிதாபம்: 'பஹ்ரி பச்சா', அதாவது பஹ்ரிக் குஞ்சு. எத்தனை வயதானாலும் அவர் குஞ்சுதான்!

ஐரோப்பாவிலும் இதே கதை. ஆங்கில வேட்டைக்காரர்களின் கணக்கில் 'ஃபால்கன்' என்பது பெட்டை மட்டுமே. ஆணுக்கு 'டியர்செல்'. மூன்றில் ஒன்று என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெட்டையைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். கூட்டில் மூன்றாவது முட்டைதான் ஆணாகப் பொரியும் என்ற பழைய நம்பிக்கையால் வந்தது என்போரும் உண்டு.

காரணம் உடம்பில் இருக்கிறது. இந்தப் பறவைகளில் பெட்டைதான் பெரியது. பாஷாவின் எடை சேவலைப்போல் ஏறக்குறைய இரு மடங்குவரை போகும். ஏன் இப்படி என்பதில் உயிரியலாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. வேட்டைக்காரருக்கு அந்த விவாதம் தேவைப்படவில்லை. முயலுக்கு பாஜ், கவுதாரிக்கு ஜுர்ரா என்று பிரித்துக்கொண்டார். வேலை வேறு, விலை வேறு என்றானபின் பெயரும் வேறாகத்தானே வேண்டும்? யானையோடு பழகிய தமிழர் களிறு, பிடி என்று பிரித்ததும் இப்படித்தான்.

இந்தச் சொற்கள் நமக்குக் கிடைத்ததில் ஒரு மதராஸ் தொடர்பு உண்டு. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன், 1862-64ல் வெளியான தன் 'இந்தியப் பறவைகள்' நூலில் ஆண் பெயர், பெண் பெயர் இரண்டையும் கவனமாகக் குறித்துவைத்தார். எல்லா அறிஞர்களும் அவ்வளவு கவனமாக இல்லை. 'லக்கர்' என்ற ராஜாளியில் ஆண் 'ஜக்கர்'. ஆங்கிலத்தில் அந்தப் பறவைக்குப் பெட்டையின் பெயர் நிலைத்தது. அறிவியல் பெயரோ 'ஃபால்கோ ஜக்கர்'. ஒரே பறவை, ஒரு பட்டியலில் மனைவி பெயரால், இன்னொன்றில் கணவன் பெயரால்.

1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இப்பறவைகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அது தேவையான சட்டம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொழிலோடு சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. இன்று பஞ்சாபின் மாநிலப் பறவை பாஜ். குரு கோவிந்த் சிங்கின் கையில் அமர்ந்திருப்பதாகப் படங்களில் நாம் காண்பதும் அதுவே. தொழிலின் கணக்கில் அது பெட்டை. இந்தி, பஞ்சாபி இலக்கணமோ அந்தச் சொல்லை ஆண்பாலில் வைத்திருக்கிறது. ஜுர்ரா என்றால் யார் என்று கேட்டால் பதில் சொல்ல இன்று எத்தனை பேர் இருப்பார்கள்?

பறவையைப் பிடிக்காமலே சொல்லைப் பிடித்துவைக்கலாம். யுனெஸ்கோ 2010ல் இந்தக் கலையை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2016ல் பாகிஸ்தானும் அதில் இணைந்தது, நாம் இணையவில்லை. பட்டியல் போகட்டும். பீகாரின் மீர்ஷிகார்கள் போன்ற பறவை பிடிக்கும் பரம்பரையினர் இருக்கிறார்கள். பறவைகளுக்கு வளையமிடும் ஆய்வில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கைகொடுத்தவர்கள் அவர்கள். ஒரு பல்கலைக்கழகம் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார என்ன செலவாகிவிடும்?

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. வல்லூறு இந்தியாவின் பெரும்பாலான ஊர்களில் உண்டு. அடுத்த முறை மரத்தில் ஜோடியாகப் பார்த்தால் கவனியுங்கள். உருவில் பெரியது ஷிக்ரா. பக்கத்தில் சிறியதாக, சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பவர் சிப்பக். ஒருமுறையாவது அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.