இயந்திரத்தின் தலையெழுத்து

மனிதனுடைய தலையெழுத்தைப் படிக்கவல்லார் எவருமிலர். இயந்திரத்தின் தலையெழுத்தோ அதன் மோட்டாரிலேயே ஒரு சிறு தகட்டிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனைப் படியாது பணங் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

நம்மிடம் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். கொழும்பிலே பட்டறை வேலை பழகியவர். கொழுந்தெடுத்தே காலங்கழித்த தாயார் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியைக் கொண்டு, பழைய கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கிப் பதுளைக்குக் கொண்டுவந்தார். இயந்திரம் கேட்டது மூவவத்தை மின்சாரம். வழக்கிலே 'திரீ பேஸ்' என்பர். வாடகைக் கடையில் இருந்ததோ வீட்டு விளக்கெரிக்கும் ஒற்றை அவத்தை. விற்றவர் ஒரு மாற்றுக் கருவியையும் அவர் தலையிற் கட்டினார். இயந்திரம் சுழன்றது, ஆனால் இரும்பை வெட்டத் தொடங்கியதும் முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

இவற்றின் வேற்றுமை யாது? ஊஞ்சலை ஒருவர் தள்ளினால் அது முன்னும் பின்னும் ஆடுமேயன்றிச் சுழலாது. ஒற்றை அவத்தையின் விசை அத்தகையது. செக்கைச் சுற்றி மூவர் நின்று ஒருவர்பின் ஒருவராகத் தள்ளினால், அது ஓயாது சுழலும். அதுவே மூவவத்தை. தேயிலைத் தொழிற்சாலைகளிற் பெரிய மோட்டார்களைச் சுழற்றுவதும் இதுவே. 1891ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே லாவ்பனிலிருந்து பிராங்பேர்ட் வரை 175 கிலோமீற்றர் தூரம் இம்மின்சாரத்தை அனுப்பிக் காட்டினர்.

பட்டறை தொடங்குவோர் முதலில் மின்சாரம் வழங்குவோரிடம் மூவவத்தை இணைப்புக் கிடைக்குமா என விசாரித்தல் வேண்டும். கம்பி அருகிற் சென்றால் அதுவே நல்வழி. இயலாதவிடத்து மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கொள்ளளவிகளைக் கொண்ட எளிய கருவி. இது மலிவானது, ஆனால் மோட்டாரை ஓடத்தொடங்கச் செய்வதோடு இதன் உதவி முடிகிறது. பின்னர் மோட்டார் தன் வலுவில் மூன்றில் இரண்டு பங்கையே தரும். துளையிடும் இயந்திரத்துக்குப் போதும், கடைசலுக்குப் போதாது.

இரண்டாவது, சுழல் மாற்றி. வேறொரு மூவவத்தை மோட்டார் வெறுமனே சுழன்று, குறைந்த அவத்தையை ஆக்கித் தரும். பல இயந்திரங்களை இயக்கலாம். இரைச்சலும் வீண்செலவும் உண்டு.

மூன்றாவது, 'வீ.எப்.டி.' என்னும் இலத்திரனியற் கருவி. மெதுவாக ஓடத்தொடங்கச் செய்து, வேகத்தையும் கூட்டிக் குறைக்கும். 3 குதிரைவலு வரையிலான ஒரே இயந்திரத்துக்கு இதுவே சிறந்தது.

இனித் தகட்டைப் பார்ப்போம். அதில் 230/400 என்றிருப்பின், மோட்டாரை முக்கோண இணைப்பில் மாற்றிக் கட்டினால் 230 வோல்ற்றில் முழு வலுவுடன் ஓடும். சாதாரண மாற்றிகள் தருவதும் 230 வோல்ற்றே. 400/690 என்றிருப்பின் 230 வோல்ற்று போதாது. சுழற்றும் விசை மூன்றிலொரு பங்காகிவிடும். நம் மாணவரின் மோட்டார் இவ்வகையினது. பழுது கருவியிலன்று, பொருத்தத்திலே.

வீட்டு இணைப்பின் அளவையும் நோக்குக. 30 அம்பியர் இணைப்பு 230 வோல்ற்றில் ஏறத்தாழ 6,900 வாற்றுத் தரும். 3 குதிரைவலு மோட்டாருக்கு ஏறத்தாழ 3,000 வாற்றுப் போதும். 10 குதிரைவலு மோட்டாரோ முழுச்சுமையில் 7,460 வாற்றுக்கும் மேல் கேட்கும். எந்த மாற்றியும் இல்லாத மின்சாரத்தை உண்டாக்காது. வேலையைத் தேர்ந்த மின்வினைஞரிடமே விடுக. மின்னை நிறுத்திய பின்னும் கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கும்.

அவ்விளைஞர் 230/400 தகடு கொண்ட 3 குதிரைவலு மோட்டாரொன்றைத் தேடிப் பொருத்தினார். அக்கருவியே இப்போது கடைசலைச் செவ்வனே ஓட்டுகிறது. ஆயினும் தாயாரின் சேமிப்பிலே இரண்டாம் முறையும் கைவைக்க நேர்ந்தது. ஒரு நிமிடம் தகட்டைப் படித்திருந்தால் அப்பணம் அந்த அம்மையாரிடமே இருந்திருக்கும். பிள்ளைகளே, படிப்பென்பது புத்தகத்தோடு முடிவதன்று.